மருத்துவர் பதில்கள்: குடல் நுண்ணுயிர்களும் முதுமையில் வரும் பக்கவாதமும்

குடலில் வாழும் பாக்டீரியாக்களுக்கும் பக்கவாதத்துக்கும் தொடர்பு உண்டு என்ற செய்திகள் அடிக்கடி வருவதால், அறுபது வயதைக் கடந்த வாசகர்களும் அவர்களைக் கவனித்துக்கொள்ளும் பிள்ளைகளும் இது குறித்துத் தொடர்ந்து எழுதி வருகிறார்கள். ஒரே ஐயத்தைப் பலர் எழுப்பியிருந்த இடங்களில் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

கேள்வி: என் தந்தையும் மூத்த அண்ணனும் பக்கவாதத்தால் படுத்தவர்கள். எனக்கு இப்போது 68 வயது. வயிற்றில் உள்ள பாக்டீரியாக்கள் பக்கவாதத்தை வரவழைக்கும் என்று படித்ததிலிருந்து குழப்பமாக இருக்கிறது. குடல் எங்கே, மூளை எங்கே? இரண்டுக்கும் என்ன தொடர்பு, டாக்டர்?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்

பதில்: பக்கவாதம் மூளையின் நோயாகத் தெரிந்தாலும், அது தொடங்கும் இடம் மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய். அந்தக் குழாய் அடைத்துக்கொள்ளலாம், அல்லது வெடிக்கலாம். ஆகவே குடல் நுண்ணுயிர்கள் மூளையை எப்படித் தாக்குகின்றன என்று கேட்பதைவிட, அவை இரத்தக் குழாயின் சுவரையும் இரத்த அழுத்தத்தையும் இரத்தம் உறையும் தன்மையையும் எப்படி மாற்றுகின்றன என்று கேட்டால் உங்கள் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

சராசரி மனித உடலில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருப்பதாக 2016-ல் வெளியான ஒரு கணக்கு கூறுகிறது. நம்முடைய சொந்த உயிரணுக்களே ஏறத்தாழ 30 லட்சம் கோடிதான். எடை என்று பார்த்தால் அந்தப் பாக்டீரியாக்கள் எல்லாம் சேர்ந்தும் 200 கிராம் அளவே வரும். அவற்றில் மிகப் பெரும்பகுதி பெருங்குடலில் இருக்கிறது. நாம் செரிக்க முடியாமல் கீழே அனுப்பும் உணவே அவற்றின் இரை. அந்த இரையைப் பொறுத்து அவை வெளியிடும் பொருள்கள் மாறுகின்றன. அப்பொருள்கள் இரத்தத்தில் கலந்து உடலெங்கும் செல்கின்றன.

இவற்றுள் அதிகம் ஆராயப்பட்டது டிரைமெத்திலமீன் என்-ஆக்சைடு என்ற பொருள், சுருக்கமாக டி.எம்.ஏ.ஓ. என்பார்கள். முட்டையின் மஞ்சள் கரு, ஈரல், இறைச்சி ஆகியவற்றில் உள்ள கோலின், சிவப்பு இறைச்சியில் மிகுந்துள்ள கார்னிடின் ஆகிய சத்துகளைச் சில வகைப் பாக்டீரியாக்கள் சிதைத்து டிரைமெத்திலமீன் என்ற வாயுவாக்குகின்றன. கல்லீரல் அதனுடன் ஆக்சிஜனைச் சேர்த்து டி.எம்.ஏ.ஓ. ஆக மாற்றி இரத்தத்தில் விடுகிறது. சிறுநீரகம் அதை வெளியேற்றுகிறது. அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்கில் ஸ்டான்லி ஹேசன் தலைமையிலான குழு, இப்பொருள் தமனிச் சுவரில் கொழுப்புப் படிவை வளர்க்கிறது என்று 2011-லும், இரத்தத்தைக் கட்டியாக்கும் தட்டணுக்களை எளிதில் ஒட்டிக்கொள்ளும் நிலைக்குத் தள்ளுகிறது என்று 2016-லும் ஆய்வுகளை வெளியிட்டது. தமனியில் படிவு, அதன் மேல் ஒட்டத் துடிக்கும் தட்டணுக்கள் என்ற இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

மறுபுறம், நார்ச்சத்தை உண்ணும் பாக்டீரியாக்கள் அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களை உருவாக்குகின்றன. பியூட்டிரேட் பெருங்குடலின் உட்சுவர் உயிரணுக்களுக்கு முதன்மையான எரிபொருள். அது குறைந்தால் சுவர் தளர்கிறது; பாக்டீரியாக்களின் மேலுறைத் துணுக்குகள் இரத்தத்துக்குள் கசிகின்றன; உடல் அவற்றைப் பகையாகக் கருதி எதிர்வினை காட்டுவதால் வெளியே தெரியாத, தணலைப் போன்ற அழற்சி ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது. இரத்த அழுத்தத்திலும் நுண்ணுயிர்களுக்குப் பங்கு உண்டு. உயர் இரத்த அழுத்தம் உள்ள மனிதர்களின் மலத்திலிருந்து எடுத்த நுண்ணுயிர்களை, நுண்ணுயிர் எதுவுமின்றி வளர்க்கப்பட்ட எலிகளின் குடலில் செலுத்தியபோது அந்த எலிகளின் இரத்த அழுத்தம் உயர்ந்ததை 2017-ல் சீன ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

உங்கள் குடும்பத்தில் இருவருக்குப் பக்கவாதம் வந்திருப்பதால் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். 32 நாடுகளில் நடந்து 2016-ல் வெளியான இன்டர்ஸ்ட்ரோக் ஆய்வு, பக்கவாத ஆபத்தில் ஏறத்தாழ 90 சதவீதத்தைப் பத்துக் காரணிகளால் விளக்க முடியும் என்றது. அவற்றுள் உயர் இரத்த அழுத்தத்தின் பங்கு மட்டுமே கிட்டத்தட்டப் பாதி. குடல் நுண்ணுயிர்கள் அந்தப் பட்டியலில் தனி இடம் பெறவில்லை. அவை செய்வதில் பெரும்பகுதி இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகிய பழைய வழிகளின் ஊடாகவே நடக்கிறது. உங்கள் இரத்த அழுத்தத்தைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கடிதத்தில் எழுதாதது எனக்குச் சற்று உறுத்தலாகவே இருக்கிறது.

கேள்வி: இந்த ஆய்வுகள் எல்லாம் எலிகளிடம் செய்யப்பட்டவைதானே? மனிதர்களிடம் நிறுவப்பட்டிருக்கிறதா? நிறுவப்படாத ஒன்றைச் சொல்லி முதியவர்களை அச்சுறுத்துவது முறையா?
– விலங்கியல் ஆசிரியர்

பதில்: கேட்கப்பட வேண்டிய கேள்வி. மனித ஆய்வுகளும் உண்டு. ஆனால் அவற்றை அப்படியே நம்பிவிடாமல், கையில் தராசை வைத்துக்கொண்டு எடைபோட்டே வாசிக்க வேண்டும்.

இதயத் தமனிப் பரிசோதனைக்கு வந்த 4,007 பேரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, ஹேசன் குழுவினர் 2013-ல் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. இரத்தத்தில் டி.எம்.ஏ.ஓ. மிக அதிகமாக இருந்த கால் பங்கினருக்கு, மிகக் குறைவாக இருந்த கால் பங்கினரைவிட, மாரடைப்பு, பக்கவாதம், மரணம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று நேரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டரை மடங்கு இருந்தது. அதே ஆய்வில் நலமாக இருந்த தன்னார்வலர்களுக்கு அவித்த முட்டைகளைக் கொடுத்து அளந்தபோது டி.எம்.ஏ.ஓ. உயர்ந்தது, ஒரு வாரம் ஆன்டிபயாடிக் கொடுத்தபின் அதே முட்டைகளைக் கொடுத்தபோது அது ஏறக்குறைய உருவாகவே இல்லை, மாதம் ஒன்று கழிந்து நுண்ணுயிர்கள் மீண்டதும் டி.எம்.ஏ.ஓ.வும் திரும்பியது. இப்பொருள் பாக்டீரியாக்களின் உதவியால்தான் உருவாகிறது என்பதற்கு மனிதரிடமே கிடைத்த தெளிவான சான்று அது.

ஆனால், சிறுநீரகம் பழுதடைந்தவர்களின் இரத்தத்தில் டி.எம்.ஏ.ஓ. தேங்கும்; சிறுநீரகப் பழுதே பக்கவாதத்துக்கும் ஒரு காரணம். அப்படியானால் குற்றவாளி டி.எம்.ஏ.ஓ.வா, சிறுநீரகமா? புள்ளியியல் முறைகளால் இதை ஓரளவு பிரித்துப் பார்க்கிறார்கள் என்றாலும் முற்றிலும் பிரிக்க இயலாது. மேலும், சீனாவில் பக்கவாத நோயாளிகளிடம் நடந்து 2015-ல் வெளியான ஓர் ஆய்வில், நோயாளிகளின் டி.எம்.ஏ.ஓ. அளவு மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. முந்தைய முடிவுக்கு நேர் எதிர் என்று தோன்றும். பக்கவாதம் வந்தபிறகு இரத்தம் எடுத்தார்கள் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். படுத்த நோயாளி உண்ணும் உணவு மாறுகிறது, மருந்துகள் சேர்கின்றன, மூளை பாதிக்கப்பட்டதால் குடலின் அசைவும் மந்தமாகிறது. இவை அனைத்தும் நுண்ணுயிர்க் கூட்டத்தைச் சில நாட்களிலேயே மாற்றிவிடும். குடலால் பக்கவாதம் வந்ததா, பக்கவாதத்தால் குடல் மாறியதா என்ற சிக்கல், இத்துறையின் பெரும்பாலான மனித ஆய்வுகளைப் பின்தொடர்கிறது.

எலியிலிருந்து மனிதருக்குத் தாவுவதில் உள்ள ஆபத்தையும் ஓர் எடுத்துக்காட்டால் சொல்லிவிடுகிறேன். இரண்டு வாரம் ஆன்டிபயாடிக் கொடுத்துக் குடல் நுண்ணுயிர்களை மாற்றிய எலிகளுக்குச் செயற்கையாகப் பக்கவாதத்தை உண்டாக்கியபோது, மூளையில் சேதம் சுமார் 60 சதவீதம் குறைந்ததாக நியூயார்க்கின் வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரிக் குழு 2016-ல் அறிவித்தது. குடலில் பயிற்சி பெறும் ஒருவகை வெள்ளணுக்கள், பக்கவாதத்தின்போது மூளையுறைக்குப் பயணம் செய்து அழற்சியைக் கூட்டுகின்றன என்றும், அந்தப் பயிற்சியை மாற்றினால் சேதம் குறைகிறது என்றும் அவர்கள் விளக்கினார்கள். கேட்க வியப்பாக இருக்கிறது. ஆனால் நெதர்லாந்தில் சுமார் 2,500 பக்கவாத நோயாளிகளில் பாதிப் பேருக்கு முன்னெச்சரிக்கையாக நான்கு நாட்கள் ஆன்டிபயாடிக் ஊசி போட்டுப் பார்த்த ஆய்வு 2015-லேயே வெளியாகியிருந்தது. நோக்கம் தொற்றைத் தடுப்பது என்றாலும், மூன்று மாதம் கழித்து இரு பிரிவினரின் நிலையிலும் வேறுபாடு எதுவும் தென்படவில்லை. எலிக்குப் பக்கவாதத்துக்கு முன் மருந்து தரலாம். மனிதருக்கு எந்த நாளில் வரும் என்று அறிந்து தர முடியாது. அச்சுறுத்துவது முறையன்று என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். ஆனால் சான்று முழுமையடையாத ஒன்றைப் பொய் என்று ஒதுக்குவதும் விலங்கியல் ஆசிரியருக்கு அழகன்று.

கேள்வி: மலத்தைப் பரிசோதித்து நம் குடல் பாக்டீரியாக்களின் தரத்துக்கு மதிப்பெண் போட்டுத் தருகிறார்களாமே, நானும் என் கணவரும் செய்துகொள்ளலாமா?
– மூத்த வாசகி

பதில்: வேண்டாம், அம்மா. எந்த மதிப்பெண் நல்லது என்பதற்கு மருத்துவ உலகில் ஒப்புக்கொள்ளப்பட்ட அளவுகோல் இல்லை. நலமாக உள்ள இருவரின் நுண்ணுயிர்க் கூட்டங்களே ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபடும். அந்த அறிக்கையைக் கொண்டு உங்கள் பக்கவாத ஆபத்தை யாராலும் கணித்துச் சொல்ல இயலாது. அந்தச் செலவில் வீட்டில் வைத்துக்கொள்ள நம்பகமான இரத்த அழுத்தமானி ஒன்று வாங்கினால், இருவருக்கும் நாள்தோறும் பயன்படும்.

கேள்வி: முதுமையில் மட்டும் இது ஏன் பெரிதாகப் பேசப்படுகிறது? வயதானால் பாக்டீரியாக்களுக்கும் வயதாகுமா?
– 72 வயது வாசகர்

பதில்: பாக்டீரியாக்களுக்கு வயதாவதில்லை, அவை குடியிருக்கும் வீடு மாறுகிறது. பல் விழுந்தால் மெல்லக் கடினமான காய்கறிகளும் பருப்பு வகைகளும் தட்டிலிருந்து விலகுகின்றன. நாவின் சுவையும் பசியும் குறைகின்றன. குடலின் அசைவு மெதுவாகிறது. தனியாக வாழ்பவர்கள் ஒரே வகை உணவை நாள்கணக்கில் உண்கிறார்கள். அயர்லாந்தில் 178 முதியவர்களை ஆராய்ந்து 2012-ல் வெளியான ஆய்வு இதைத் துல்லியமாகக் காட்டியது. தம் வீடுகளில் வாழ்ந்த முதியவர்களின் குடலில் நுண்ணுயிர்களின் வகைகள் அதிகமாகவும், நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களில் இருந்தவர்களிடம் குறைவாகவும் இருந்தன. அந்த வேறுபாடு உணவின் வேறுபாட்டோடும், உடல் தளர்ச்சியின் அளவோடும் சேர்ந்தே சென்றது. பிறந்த ஆண்டைவிட உண்ணும் தட்டு அதிகம் பேசுகிறது என்று அதை வாசித்தபோது எனக்குத் தோன்றியது.

மருந்துகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நெஞ்செரிச்சலுக்காகத் தரப்படும் ஒமிப்ரசோல் வகை மாத்திரைகள் வயிற்றின் அமிலத்தைக் குறைப்பதால், வழக்கமாக அங்கேயே மடிந்துவிடும் வாய்ப் பாக்டீரியாக்கள் உயிரோடு குடலுக்கு இறங்குகின்றன. எதற்காகத் தொடங்கினோம் என்பதே மறந்துபோய்ப் பல ஆண்டுகளாக இதை விழுங்கி வருபவர்கள் என் நோயாளிகளிலேயே பலர் உண்டு. ஆன்டிபயாடிக் மருந்துகளின் பாதிப்பு இன்னும் பெரிது. அமெரிக்கச் செவிலியர்கள் சுமார் 36,000 பேரைத் தொடர்ந்து கவனித்து 2019-ல் வெளியான ஆய்வில், 60 வயதுக்கு மேல் இரண்டு மாதமோ அதற்கு மேலோ ஆன்டிபயாடிக் உட்கொண்ட பெண்களுக்கு இதய, இரத்தநாள நோய்கள் வரும் வாய்ப்பு 32 சதவீதம் கூடுதலாக இருந்தது. அடிக்கடி ஆன்டிபயாடிக் தேவைப்படும் அளவுக்கு நோயுற்றிருந்ததே அதற்குக் காரணமாகவும் இருக்கலாம். ஆகவே, மருத்துவர் எழுதிக் கொடுத்த ஆன்டிபயாடிக்கைப் பாதியில் நிறுத்திவிடாதீர்கள். சளிக்கும் இருமலுக்கும் தாமாகக் கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

கேள்வி: முட்டையும் மீனும் டி.எம்.ஏ.ஓ.வை உயர்த்துகின்றன என்று மகள் இரண்டையும் நிறுத்தச் சொல்கிறாள். இந்த வயதில் வேறு எதைத்தான் சாப்பிடுவது?
– ஓய்வுபெற்ற ஆசிரியை

பதில்: உங்கள் மகள் அக்கறையோடு படித்திருக்கிறார், ஆனால் பாதி வழியில் நின்றுவிட்டார். கடல் மீன்களின் தசையில் டி.எம்.ஏ.ஓ. இயல்பாகவே இருக்கிறது, மீன் உண்டால் இரத்தத்தில் அது சில மணி நேரத்துக்கு வேகமாக உயர்ந்து பின்னர் இறங்கிவிடும். டி.எம்.ஏ.ஓ. ஒன்றே எல்லாவற்றையும் தீர்மானிப்பதாக இருந்தால் மீன் உண்பவர்களுக்குப் பக்கவாதம் அதிகம் வர வேண்டும். மக்கள்தொகை ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. மீன் உண்போருக்கு ஆபத்து சற்றுக் குறைவு என்றே பெரும்பாலானவை கூறுகின்றன. இந்தக் கோட்பாட்டின் மிகப் பலவீனமான இடமும் இதுதான். முட்டையைப் பொறுத்தவரை, நாளொன்றுக்கு ஒன்று என்ற அளவு வரை பக்கவாத ஆபத்தை அது உயர்த்துவதாகப் பெரிய ஆய்வுகளில் தெரியவில்லை. சர்க்கரை நோய் உள்ளவர்கள் மட்டும் தம் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம். முதுமையில் தசை கரைவதைத் தடுக்கும் புரதத்துக்கு முட்டையும் மீனும் எளிய வழிகள். குறைக்க வேண்டுமென்றால் சிவப்பு இறைச்சியையும், உப்பிட்டுப் பதப்படுத்திய இறைச்சி வகைகளையும் குறையுங்கள். நெடுநாள் சைவ உணவே உண்டு வந்த ஒருவர் இறைச்சி உண்டபோதும் அவர் உடலில் டி.எம்.ஏ.ஓ. ஏறக்குறைய உருவாகவில்லை என்று 2013-ல் கண்டார்கள். ஒரு வேளை உணவைவிட, பல ஆண்டுப் பழக்கம் வளர்த்துவிட்ட பாக்டீரியாக்களே முடிவு செய்கின்றன என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

கேள்வி: என் மனைவிக்கு 70 வயது. இதயத் துடிப்பு சீரற்று இருப்பதால் பக்கவாதம் வராமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறாள். சென்ற மாதம் சிறுநீர்த் தொற்றுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் ஈறிலிருந்து இரத்தம் வந்தது. பரிசோதித்தால் இரத்தம் மிக நீர்த்துவிட்டது என்றார்கள். குடல் பாக்டீரியாக்கள் அழிந்ததால் இப்படி ஆனதா?
– வாசகர்

பதில்: நீங்கள் ஊகித்தது ஒரு பகுதி சரி. கல்லீரல் இரத்தத்தை உறையச் செய்யும் சில புரதங்களை உருவாக்க வைட்டமின் கே தேவை; வார்ஃபரின் அதைத் தடுத்தே வேலை செய்கிறது. வைட்டமின் கே-யின் ஒரு வகையைக் குடல் பாக்டீரியாக்களும் தயாரிக்கின்றன. ஆன்டிபயாடிக் அவற்றை அழிக்கும்போது, நோயாளி சரியாக உண்ணவும் இல்லையென்றால், வைட்டமின் கே குறைந்து வார்ஃபரினின் கை ஓங்கிவிடும். ஆயினும் மெட்ரோனிடசோல், கோட்ரைமாக்சசோல் போன்றவற்றில் இதைவிட முக்கியமான காரணம் வேறு: வார்ஃபரினைச் சிதைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதியை அவை முடக்கிவிடுகின்றன.

இத்தகைய சீரற்ற துடிப்பை ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்பார்கள். இது பக்கவாத ஆபத்தை ஏறத்தாழ ஐந்து மடங்காக்கும். வார்ஃபரின் அந்த ஆபத்தில் மூன்றில் இரண்டு பங்கைக் குறைக்கும். எனவே ஈறில் இரத்தம் கண்ட அச்சத்தில் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிட வேண்டாம். எந்த நோய்க்காக எந்த மருத்துவரிடம் சென்றாலும் முதல் வாக்கியமாக வார்ஃபரின் சாப்பிடுவதைச் சொல்லச் சொல்லுங்கள். ஆன்டிபயாடிக் தொடங்கினால் மூன்று முதல் ஐந்து நாட்களுக்குள், இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும். முடித்தபிறகும் ஒருமுறை பார்க்க வேண்டும். கீரைகளில் வைட்டமின் கே மிகுதி என்பதால் அவற்றை அடியோடு விலக்கச் சொல்பவர்கள் உண்டு. அது தேவையில்லை, வாரந்தோறும் ஏறத்தாழ ஒரே அளவில் உண்டால் போதும், மருந்தின் அளவை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கும் அம்மாவுக்குப் புரோபயாடிக் மாத்திரை கொடுக்கலாமா? வெளிநாட்டிலிருந்து தம்பி அனுப்பியிருக்கிறான். மருத்துவமனையில் இருந்தபோது அம்மாவுக்கு நிமோனியாவும் வந்தது. மலச்சிக்கலும் ஓயவில்லை.
– மகள்

பதில்: நல்ல பாக்டீரியாக்களை விழுங்கி நீண்ட நாள் வாழலாம் என்ற எண்ணத்துக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. 1908-ல் நோபல் பரிசு பெற்ற இலியா மெட்ச்னிகாஃப், புளித்த பாலில் உள்ள பாக்டீரியாக்கள் முதுமையைத் தள்ளிப்போடும் என்று உறுதியாக நம்பினார். தாமும் நாள்தோறும் அதை அருந்தினார். 71-வது வயதில் காலமானார். நம்பிக்கை மட்டும் இன்றுவரை காலமாகவில்லை.

புரோபயாடிக் மாத்திரை பக்கவாதத்தைத் தடுப்பதாகவோ, வந்தபின் மூளையை மீட்பதாகவோ மனிதரிடம் நிறுவப்படவில்லை. நலமாக உள்ளவர்களுக்கு இவை பெரும்பாலும் தீங்கற்றவை. கடுமையாக நோயுற்றவர்களின் நிலை வேறு. கணைய அழற்சியால் பாதிக்கப்பட்ட 298 பேரிடம் நெதர்லாந்தில் நடந்து 2008-ல் வெளியான ஆய்வில், புரோபயாடிக் கொடுக்கப்பட்டவர்களில் 16 சதவீதம் பேரும், கொடுக்கப்படாதவர்களில் 6 சதவீதம் பேரும் இறந்தார்கள். அது வேறு நோய்தான் என்றாலும், "பாக்டீரியாதானே, கொடுத்துப் பார்க்கலாம்" என்று எண்ணுவோருக்கு அந்த முடிவு ஒரு தடை. மூக்கு வழியாகக் குழாய் உள்ளவர், இரத்தக் குழாயில் ஊசிக் குழாய் நிலையாகப் பொருத்தப்பட்டவர், நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர் ஆகியோருக்கு மருத்துவரிடம் கேட்காமல் எதையும் கொடுக்க வேண்டாம். தம்பியின் அன்பை ஏற்றுக்கொண்டு மாத்திரைப் புட்டியை மட்டும் ஓரமாக வைத்துவிடுங்கள்.

நிமோனியாவை நீங்கள் குறிப்பிட்டது முக்கியம். பக்கவாதத்துக்குப் பின் விழுங்கும் ஆற்றல் குறைவதால் உணவும் எச்சிலும் மூச்சுக்குழாய்க்குள் செல்வதே இதற்கு வழக்கமான காரணம். எலிகளிடம் 2016-ல் இன்னொரு வழியையும் கண்டார்கள்: மூளை பாதிக்கப்பட்ட சில மணி நேரங்களில் குடல் சுவர் தளர்ந்து, குடலில் இருந்த பாக்டீரியாக்களே நுரையீரலை அடைந்தன. மனிதரிடம் இதன் பங்கு எதுவாக இருந்தாலும், வீட்டில் நீங்கள் செய்யக்கூடியவை மாறப்போவதில்லை. அம்மாவை நன்றாக நிமிர்த்தி உட்காரவைத்த பிறகே உணவு கொடுங்கள். உண்டபின் அரைமணி நேரமாவது அப்படியே இருக்கட்டும். விழுங்கும் பயிற்சியாளர் சொன்ன பதத்தில் மட்டும் நீரையும் உணவையும் கொடுங்கள். நாள்தோறும் இருமுறை வாயையும் பற்களையும் சுத்தம் செய்யுங்கள். பலர் தவறவிடுவது இதைத்தான். மலச்சிக்கலுக்கு, விழுங்க முடிந்த அளவு நீர், நார்ச்சத்து, ஒரே நேரத்தில் கழிப்பறை இருக்கையில் அமர்த்துதல் ஆகியவற்றுக்குப் பிறகும் தீராவிட்டால் மலமிளக்கி கொடுப்பதில் தவறில்லை. நீர் போதாத நிலையில் நார்ச்சத்தை மட்டும் கூட்டினால் சிக்கல் இறுகிவிடும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

கேள்வி: சரி, மாத்திரையும் வேண்டாம், பரிசோதனையும் வேண்டாம் என்றால் நாங்கள் என்னதான் செய்வது?
– பலர்

பதில்: நார்ச்சத்தைக் கூட்டுங்கள், உப்பைக் குறையுங்கள். சலிப்பூட்டும் விடைதான். ஆனால் இந்த இரண்டுக்கும்தான் குடல் வழியாகவும் சான்று உண்டு, பக்கவாதத்தை நேரடியாக எண்ணிப் பார்த்த ஆய்வுகளிலும் சான்று உண்டு. நார்ச்சத்தை மிகுதியாக உண்போருக்கு, மிகக் குறைவாக உண்போரைவிட, இதயநோய், பக்கவாதம், சர்க்கரை நோய் போன்றவை 15 முதல் 30 சதவீதம் வரை குறைவு என்று 2019-ல் வெளியான பெருந்தொகுப்பு ஆய்வு கூறியது. நாளொன்றுக்கு 25 முதல் 29 கிராம் வரை போதுமானது என்றும் கண்டது. முழுத்தானியம், பயறு, காய்கறி, பழம், கொட்டைகள் என்று பலவகையாக உண்பது நல்லது. ஒவ்வொரு வகை நாருக்கும் அதை விரும்பும் பாக்டீரியா வேறு. இதுவரை குறைவாக உண்டவர்கள் சில வாரங்களில் படிப்படியாகக் கூட்டினால் வயிற்று உப்புசம் தொல்லை தராது.

உப்பும் குடலைத் தொடுகிறது. நலமான ஆண்கள் 12 பேருக்கு நாள்தோறும் 6 கிராம் உப்பைக் கூடுதலாக 14 நாட்கள் கொடுத்தபோது, அவர்களின் குடலில் லேக்டோபேசில்லஸ் வகைப் பாக்டீரியாக்கள் குறைந்து, இரத்த அழுத்தம் உயர்ந்தது என்று 2017-ல் ஜெர்மனி ஆய்வாளர்கள் கண்டார்கள். சீனாவில் 600 கிராமங்களில், ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்களும், 60 வயதைக் கடந்து இரத்த அழுத்தம் மிகுந்தவர்களுமாகச் சுமார் 21,000 பேரிடம் நடந்து 2021-ல் வெளியான ஆய்வில், வழக்கமான உப்புக்கு மாற்றாக நான்கில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைப் பயன்படுத்தியவர்களுக்குப் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. சிறுநீரக நோய் உள்ளவர்களும், உடலில் பொட்டாசியத்தைத் தேக்கும் இரத்த அழுத்த மாத்திரைகளை உண்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இத்தகைய உப்புக்கு மாறக் கூடாது.

கேள்வி: எனக்கு 66 வயது. சென்ற வாரம் இரவு உணவுக்குப் பின் வயிறு உப்பியிருந்தது. திடீரென்று வலது கையைத் தூக்க முடியவில்லை, பேச்சும் குழறியது. வாயுப் பிடிப்பு என்று நினைத்து வெந்நீர் குடித்தேன். பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. குடலிலிருந்து வாயு மூளைக்கு ஏறியிருக்குமா?
– வாசகர்

பதில்: இக்கடிதம் வந்த அன்றே, இதழ் அச்சாகும்வரை காத்திராமல், உடனே மருத்துவமனைக்குச் செல்லுமாறு இந்த வாசகருக்குத் தனியாகப் பதில் அனுப்பிவிட்டோம். இங்கு வெளியிடுவது, இதே போன்ற ஒன்றை வாயு என்று எண்ணி வெந்நீரோடு விட்டுவிட்ட மற்றவர்களுக்காக.

வாயு மூளைக்கு ஏறாது. ஒரு பக்கக் கையும் பேச்சும் சேர்ந்து திடீரென்று தடுமாறித் தாமாகச் சரியாவது, மூளையின் நாளம் ஒன்று சற்று நேரம் அடைபட்டுத் திறந்ததன் அடையாளம். தற்காலிகப் பக்கவாதம் என்பார்கள். சரியாகிவிட்டதால் ஆபத்து நீங்கிவிட்டது என்று பொருளில்லை. இப்படி வந்தவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு 90 நாட்களுக்குள் முழுமையான பக்கவாதம் வந்தது என்றும், அவற்றில் பாதி முதல் இரண்டு நாட்களிலேயே வந்தன என்றும் 2000-ல் வெளியான ஆய்வு கூறியது. உடனடியாகச் சிகிச்சை தொடங்கினால் அந்த ஆபத்தில் 80 சதவீதத்தைத் தவிர்க்கலாம் என்று இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த ஆய்வு 2007-ல் காட்டியது.

முகம் ஒரு பக்கம் கோணுதல், கை அல்லது கால் தளர்தல், பேச்சுக் குழறல், திடீர்ப் பார்வைக் குறைவு, நிலைதடுமாற்றம் ஆகியவற்றில் எது வந்தாலும் அவசர ஊர்தியை அழையுங்கள். முழுப் பக்கவாதத்தில் ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன. அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். வெடிப்பா அடைப்பா என்பது ஸ்கேன் எடுக்காமல் தெரியாது என்பதால், வீட்டில் இருக்கும் ஆஸ்பிரினை எடுத்துக் கொடுத்துவிட வேண்டாம். தண்ணீரும் வேண்டாம், விழுங்க முடியாமல் புரையேறலாம். நோயாளி நலமாக இருந்ததைக் கடைசியாகப் பார்த்த நேரத்தை ஒரு தாளில் குறித்து, அவர் உண்ணும் மாத்திரைகளோடு சேர்த்து எடுத்துச் செல்லுங்கள். மருத்துவமனையில் முதலில் கேட்பது அந்த நேரத்தைத்தான்.